விழுந்த முள்ளோடு வாகரைக்கு

காலை 10.20, கல்லடி

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தபோது என் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு வாகரையிலிருந்து ஒரு வான் புறப்படும். கல்லடியிலிருந்து வாகரைக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீற்றர். நல்ல கார் என்றால் ஒன்றரை மணித்தியாலம் போதும். எங்களுடையது நல்ல கார் என்று என் கணவரைத் தவிர வேறு யாரும் சொல்லமாட்டார்கள். முப்பத்துநாலு வயதான பழைய ஜப்பான் கார் அது. கதவை மூன்று தரம் அடித்தால்தான் பூட்டும்.

அந்த வான் ஏற்றிக்கொண்டு போகப்போவது என் தங்கச்சி சசியை. கட்டுநாயக்காவில் விமானம், பிறகு குவைத்தில் வீட்டு வேலை. காலையில் ஒன்பதரை மணிக்கு அவளுடைய புருஷன் மகேந்திரன் இரகசியமாகத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சாள், நான் சொன்னனெண்டு காட்டிக்குடுக்காதீங்க. சசி இண்டைக்கு மூண்டு மணி வானில போறா. இன்னும் ரெண்டு வருசம்."

விடுமுறையில் வந்து ஒரு மாதமாக அவள் வாகரையில் இருக்கிறாள். கல்லடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. மூத்தவள் நான், இளையவள்தானே வரவேண்டும் என்று வீம்புக்கு இருந்தேன். வீம்பு எங்கள் இரண்டு பேருக்கும் பரம்பரைச் சொத்து, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் 'ரெண்டு வருசம்' என்று மகேந்திரன் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வேலை செய்யும் தபால் கந்தோரில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, மாற்றுச் சீலைகூடக் கட்டாமல், "காரை எடுங்க" என்று இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

எங்கள் சண்டையின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்கு விளங்காது. அம்மாவைக் கடல் கொண்டுபோனபோது சசிக்குப் பதினேழு வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் கட்டிவைத்தது வரை நான்தான் செய்தேன். பெற்றோலுக்கு நாடே வரிசையில் கிடந்த அந்த வருடம் அவள் முதல்முறை குவைத்துக்குப் போனாள். பஸ் ஓடவில்லை. ஆட்டோவும் ஓடவில்லை. "வாகரைக்குக் காரில கூட்டிப்போங்க" என்று இவரைக் கெஞ்சினேன். இவர் என்னைக் காருக்குள் இருத்தி, சாவியைத் திருப்பி, பெற்றோல் அளவு காட்டும் முள்ளைக் காட்டினார். முள் கீழே செத்துக் கிடந்தது. நான் போகவில்லை. விமான நிலையத்திலிருந்து சசி அழைத்துக் கேட்டாள்: "கார் வச்சிரிக்கிற ஆக்களுக்குப் பெற்றோல் இல்லையாமா?" அம்மா மேல ஆணை இல்லையடி என்று சத்தியம் பண்ணினேன். அவள் நம்பவில்லை. அன்றைக்கு வைத்த தொலைபேசிதான். மூன்று வருடத்துக்கு மேலாக அவள் குரலை நான் கேட்கவில்லை.

காலை 10.45, ஊறணி

கல்லடிப் பாலம் கடந்து, நகரத்தைத் தாண்டி, ஊறணியில் பெற்றோல் செற்றில் நிறுத்தினோம். முள் வழக்கம்போலக் கீழே கிடந்தது. இந்த மூன்று வருடமும் அது எழும்பி நான் பார்த்ததில்லை. இந்த மனிதர் கஞ்சத்தனத்தில் ஒரு லீற்றர், இரண்டு லீற்றராக ஊற்றி ஓட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கார் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் போகும். ஓட்டுவதும் அவர், பெற்றோல் ஊற்றுவதும் அவர். எனக்கு அதில் வேலை இல்லை.

இன்றைக்கு நான் இறங்கிப் பக்கத்தில் நின்றேன். "பத்து லீற்றர் அடியுங்க தம்பி" என்று மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயை நானே கொடுத்தேன். இலக்கம் ஓடி ஓடிப் பத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வந்து ஏறிப் பார்த்தால் முள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

"இஞ்ச பாருங்க, முள்ளு அசையல்ல."

"அது மெல்ல ஏறும், புள்ள."

சத்துருக்கொண்டான் போயிற்று. தன்னாமுனையும் போயிற்று. ஒரு மயிரிழைகூட முள் ஏறவில்லை. பத்து லீற்றர் ஊற்றினால் அது எங்கேயாவது இருக்கவேண்டுமே! டாங்கி ஓட்டையாகி வழியெல்லாம் ஒழுகுகிறது, ஒரு பொறி பட்டால் இரண்டு பேரும் கரிதான் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காரை ஓரம் கட்டச் சொல்லி, றோட்டில் முழங்காலில் நின்று அடியில் பார்த்தேன். சொட்டு ஒன்றும் இல்லை.

"ஒழுகல்ல, புள்ள. ஓடும். உள்ள பெற்றோல் வாகரைக்குப் போய்த் திரும்பி வரவும் காணும்" என்றார் இவர்.

"எப்பிடித் தெரியும்?"

இவர் ஸ்ரேரிங்கைத் துடைக்கிறார். இந்த மனிதருக்கு வாய் அடைத்துவிட்டால் பிறகு கடப்பாரை போட்டாலும் திறக்காது. அன்றைக்கும் இந்த முள்தான் என்னைப் போகவிடாமல் செய்தது, இன்றைக்கும் பனிச்சங்கேணிக் காட்டு வழியில் இதை நம்பி நான் நிற்கமாட்டேன் என்று கத்தினேன். ஏறாவூரில் யாரிடமாவது காட்டிவிட்டுத்தான் போவது என்று முடிவு பண்ணினேன். மூன்று மணிக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது, நேரம் தாராளம் என்று நினைத்தேன்.

காலை 11.15, ஏறாவூர்

பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று. உரிமையாளர் றமீஸ் நானா. ஐம்பது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு லொறியின் கீழிருந்து வெளியே வந்தார். நான் நடந்ததைப் படபடவென்று கொட்டினேன். அவர் அவசரப்படவில்லை.

"தங்கச்சி, முள்ளுக்கு வருத்தம், பழுது எண்டா மூண்டு இடம்தான். ஒண்டு முள்ளு. ரெண்டு வயர். மூண்டு டாங்கிக்குள்ள கிடக்கிற மிதப்பு. ஒவ்வொண்டாப் பார்ப்பம்."

பின் ஆசனத்தைத் தூக்கினார். அதன் கீழ் ஒரு தகர மூடி, அதிலிருந்து இரண்டு வயர் வந்தன. வயரின் பொருத்தைக் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியால் அதைக் காரின் உடம்போடு தொடுத்தார். "சாவியத் திருப்பிப்போட்டு முள்ளப் பாருங்க" என்று என்னிடம் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே முள் தூக்கம் கலைந்த ஆள்போல மெல்ல எழும்பி, கால், அரை, முக்கால் தாண்டி உச்சியில் போய் முட்டியது.

"ஐயோ நானா, நிறைஞ்சிட்டு!"

"நிறையல்ல தங்கச்சி. முள்ளும் நல்லம், வயரும் நல்லம் எண்டு அர்த்தம். வருத்தம் டாங்கிக்குள்ள."

எனக்கு ஒரே சந்தோசம். இவரைப் பார்த்தேன். ஆள் கராஜ் வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி கேட்ட முகம் அது இல்லை.

றமீஸ் நானா பற்றரியைக் கழற்றினார். யாரும் சிகரட் பற்றவைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார், அங்கே சிகரட் குடிக்கிறவர் யாருமில்லை. மூடியின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டுக்கு நான் ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும். வந்து பூட்டித் தாறன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை! மட்டக்களப்பு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வெள்ளிக்கிழமை மதியம் ஏறாவூரில் அவசர வேலையோடு போய் நிற்கக் கூடாது என்பது தெரியாதா? ஓட்டமாவடி, காத்தான்குடி எங்கேயும் அப்படித்தான். ஒரு ஈ காக்கை கடையில் இருக்காது. சசியை நினைத்த நினைப்பில் கிழமையை மறந்துபோனேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தச் சாமானை வெளியே எடுத்தார். சின்ன இரும்புத் தடி, அதன் நுனியில் ஒரு மிதப்பு. பெற்றோல் கூடினால் மிதப்பு மேலே வரும், தடி ஏறும், அதைப் பார்த்து முள்ளும் ஏறும். மிதப்பைக் காதோடு வைத்து ஆட்டினார். "உள்ளுக்குப் பெற்றோல் போகல்ல. நல்லம்." பிறகு தடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நுனியிலிருந்து இரண்டு அங்குலத்தில் அது கூர்மையாக மேல்நோக்கி மடிந்திருந்தது.

"இது தானா வளஞ்சதில்ல" என்றார். "ஆரோ குறட்டால புடிச்சு வளச்சிரிக்காங்க. இப்பிடி வளச்சா மிதப்பு மேல நிண்டாலும் தடி கீழ நிக்கும். டாங்கிக்குள்ள பதினஞ்சு லீற்றர் கிடந்தாலும் முள்ளு இல்லையெண்டுதான் சொல்லும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். சாமானை மேசையில் வைத்து, ஓட்டையை மூடி, கை கழுவித் தொப்பியைப் போட்டார். "ஒண்டேகாலுக்கு வந்திருவன் தங்கச்சி. மூண்டுக்கு வாகரைதானே? போகலாம், இன்ஷா அல்லாஹ்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மதியம் 12.00, அதே இடம்

வீதி அடங்கிவிட்டது. கடைக் கதவெல்லாம் இழுத்து மூடியாயிற்று. தகரக் கூரையின் கீழே வெக்கையும் பெற்றோல் மணமும், நாங்கள் இரண்டு பேரும், மேசையில் அந்த வளைந்த தடியும். இந்தக் காரை இவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நான்தான் வளச்சன்" என்றார்.

வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

"அந்த வருசம் ஒழுங்கையில எல்லாரும் வந்து கேட்டாங்க. ஒரு போத்தல் தா, அரைப் போத்தல் தா எண்டு. முகத்துக்கு நேரா இல்லையெண்டு எப்பிடிச் சொல்ற? முள்ளக் காட்டினன். ஒருத்தரும் கோவிக்கல்ல."

அது உண்மை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லி ஒருவரும் பழகவில்லை. கறி கேட்டாலும் கொடுப்போம், கட்டில் கேட்டாலும் கொடுப்போம்.

"எனக்கேன் சொல்லல்ல?"

"உனக்குச் சொன்னா நீ குடுத்திருப்பா, புள்ள."

அதுவும் உண்மைதான்! அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"எவ்வளவு வச்சிருந்த நீங்க?"

"அஞ்சு லீற்றர்."

"சசி போன அண்டைக்கும்?"

"அண்டைக்கும்" என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மாசம் உனக்கு ரெண்டு தரம் தொய்வு வந்து மூச்சு நிண்டு போகப் பார்த்தது. ஆசுப்பத்திரிக்கு என்னத்தில கொண்டுபோனன் எண்டு நினைச்ச? வாகரைக்குப் போனா அந்த அஞ்சும் முடிஞ்சிரும். அதுக்குப் பிறகு உனக்கு ஒண்டெண்டா நான் தூக்கிக்கொண்டு நடக்கவா?"

யாரிடமோ ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன் என்று அன்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தார். நானும் அந்த முகம் தெரியாத மனிதனுக்காகக் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன். பிறகு ஏன் நிமிர்த்தவில்லை என்று கேட்டேன். "சீற்றக் கழற்றினா நீ ஏனெண்டு கேப்பா" என்றார். அதற்குப் பயந்து மூன்று வருடம் பெற்றோல் கணக்கை மனதில் வைத்தே காரை ஓட்டியிருக்கிறார்.

நான் எழுந்து வெளியே போய், மூடிக் கிடந்த ஒரு தேநீர்க் கடையின் நிழலில் நின்றேன். கத்திச் சண்டை பிடிக்கலாம் என்றால் ஊரே தொழுகையில் அமைதியாக இருக்கிறது. அம்மா மேல ஆணையிட்டேனே, அது பொய்யாகப் போயிற்றே என்று முணுமுணுத்தேன். சசி நம்பாமல் போனதற்கு மூன்று வருடம் அவளைத் திட்டினேனே, அவள் சரியாகத்தானே சொன்னாள். இவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. இவர் இல்லாவிட்டால் அன்றைக்கு நான் செத்திருப்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அழத்தான் முடிந்தது, சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பிற்பகல் 1.20

றமீஸ் நானா சொன்னபடி வந்தார். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். குறட்டால் தடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, மறுபடியும் உள்ளே இறக்கி, றப்பர் வளையம் வைத்து ஆணிகளை முறுக்கினார். பற்றரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். முள் எழும்பிக் கால்வாசி தாண்டி நின்றது.

"பதினஞ்சு லீற்றர் இரிக்கும். சரியாத்தான் சொல்லுது" என்றார். கூலி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அந்த வருசம் எங்கட ஊரில எத்தின காருக்கு நானே இப்பிடி வளச்சுக் குடுத்தன் தெரியுமா? இல்லையெண்டு சொல்ல ஆருக்கும் வாய் வராது. வரிசை முடிஞ்சதும் எல்லாரும் வந்து நிமித்திட்டாங்க. உங்கட மனிசன்தான் பிந்திட்டார்."

பிற்பகல் 1.40, வாகரை வீதி

வாகரைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கலடி, வந்தாறுமூலை, கிரான், வாழைச்சேனை வரை வீடும் கடையும் வட்டையுமாக மாறி மாறி வரும். வட்டை என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்த வயல்வெளி. ஓட்டமாவடிப் பாலம் தாண்டித் திருகோணமலை வீதியில் ஏறியதும் சனம் குறையும். பற்றைக்காடு, உப்புத் தரவை வெளி, இடைக்கிடை இடப்பக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, வலப்பக்கம் மரங்களுக்கு அப்பால் கடல். காற்றில் கருவாட்டு வாசம் வரும். எனக்கு அது பிறந்த ஊரின் வாசம். வழக்கமாக அந்த இடத்தில் நான் கண்ணாடியை இறக்கி மூக்கு முட்ட இழுப்பேன். அன்றைக்கு இறக்கவில்லை.

கிரானில் எருமை மாடுகள் வீதியைக் கடந்தன. ஒவ்வொன்றும் மாப்பிள்ளை நடை நடந்தது. ஏழு நிமிடம் போயிற்று. ஓர்ன் அடித்து அடித்து இவருக்குக் கை சிவந்துபோயிற்று.

அவளிடம் சொல்வதா, விடுவதா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால், போகிற நேரத்தில் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வரும், இரண்டு வருடம் நாலு வருடமாகும். காயாங்கேணி தாண்டிப் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியதும் இவர் வாயைத் திறந்தார்.

"நான் சொல்றன் சசிட்ட."

"நீங்க வாயத் துறக்கப்படா" என்றேன்.

பிற்பகல் 2.50, வாகரை

ஒழுங்கை முகப்பில் வான் நின்றது. பொதி மேலே கட்டியாயிற்று. சசி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள். மெலிந்திருந்தாள். முன்தலையில் நரை விழுந்திருந்தது, என் தங்கச்சிக்கு நரை! கார்க் கதவு திறக்கவில்லை, மூன்று தரம் தோளால் இடித்துத் திறந்துகொண்டு ஓடினேன். மகேந்திரன் எங்கேயோ வானத்தைப் பார்த்தான்.

"வந்திட்டீங்களா?" என்றாள் சசி. "பெற்றோல் கிடைச்சிட்டா?"

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அண்டைக்கு இருந்ததடி" என்றேன். "கார்ல பெற்றோல் இருந்தது. எனக்குத் தெரியா. அம்மா மேல ஆணையிட்டுப் பொய் சொல்லிட்டன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற இவரைப் பார்த்தாள்.

"அவக்கு ஒண்டும் தெரியா சசி" என்றார் இவர். "அவட தொய்வுக்கு எண்டு நான்தான் ஒளிச்சு வச்சன்."

"எத்தின லீற்றர் அத்தான்?"

"அஞ்சு."

"அஞ்சு லீற்றருக்கு இந்தக் கார் எவ்வளவு தூரம் ஓடும்?"

"அம்பத்தஞ்சு, அம்பத்தேழு."

சசி விரல் மடித்துக் கணக்குப் போட்டாள். வான் சாரதி ஓர்ன் அடித்தான், அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"அப்ப பனிச்சங்கேணிப் பாலம் மட்டுக்கும் வந்திரிக்கும்" என்றாள். அவள் முகம் உடைந்தது. "பாலம் மட்டுக்கும் வந்திருந்தாக் காணுமே அக்கா. மிச்சத்த நான் நடந்து வந்திருப்பனே."

படியிலிருந்து காலை எடுத்து வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். அவள் தலையை நான் தடவினேன். இரண்டு பேருக்கும் அழுகைக்கே நேரம் போதவில்லை. மூன்று மணி மூன்று நிமிடத்துக்கு வான் போய்விட்டது.

பிற்பகல் 3.45, திரும்பும் வழி

மகேந்திரன் தந்த தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். பனிச்சங்கேணிப் பாலத்தில் இவர் கேட்காமலே காரை நிறுத்தினார். நான் இறங்கிப் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாகரைப் பக்கம் பார்த்தேன். நீண்ட வெறும் வீதி, ஒரு மரநிழல்கூட இல்லை, நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. வாகரையிலிருந்து ஓடிய கிலோமீற்றரை இவர் உள்ளேயிருந்து வாசித்தார்: எட்டு.

எட்டுக் கிலோமீற்றர். சசி சின்ன வயதிலிருந்தே வேகமாக நடப்பவள். அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலத்தில் இந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்திருப்பாள்.